ஸ்விங் பாட்டுக்கு நான் போட்ட தாளம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுருட்டும் வேலை பார்த்தேன். வயதான ஜாஸ் பாடகி ஒருவர் தன் கடைசி ஆல்பத்துக்காக, ஸ்விங் எனப்படும் பழைய ஜாஸ் ஆட்டப் பாட்டுகள் பாட வந்தார். தொண்டை பழுதாகிவிட்டதால் ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் பாட முடியாது. கடைசி நாள், கடைசிப் பாட்டு. முதல் முறை சரிவரவில்லை.

இரண்டாம் முறைக்குக் கைதட்ட ஆள் போதாமல் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் மிருதங்கம் படித்தவன் நான். இவர்களுக்குத் தாளம் என்றால் என்னவென்று காட்டுவோம் என்று போனேன். ஸ்விங்கில் ஒவ்வொரு நான்கு அடியிலும் இரண்டாவது, நான்காவது அடியில்தான் தட்ட வேண்டும். நான் ஆதி தாளக்காரன். முதல் அடியிலேயே ஓங்கித் தட்டினேன். மற்றவர்கள் சும்மா இருக்கும்போது என் கை மட்டும் இடி மாதிரி விழுந்தது. பிழை அவர்களுடையது என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினேன். மடையன்.

பாடகி என்னைப் பார்த்தார். பாட்டின் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பாடி முடித்தார். அதோடு குரலும் போய்விட்டது. என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன்.

"இதுவே இருக்கட்டும்," என்றார் பாடகி, கரகரத்த குரலில்.

சீடி வந்ததும் வீட்டில் போட்டேன். என் கைதட்டலை முடிந்தவரை அமுக்கியிருந்தார்கள்.

"மனுசி வடிவாச் சிரிக்கிறா. ஏனப்பா?" என்றாள் மனைவி.

"என்னைப் பாத்துத்தான்."

"ஓம், எங்கட கலியாண வீடியோவில நானும் உப்பிடித்தான் சிரிச்சனான்."