காலர் மெஷினின் ரேம்

"கைமடிக்காரி புள்ள, கம்ப்யூட்டர் வயித்தக் கிழிச்சுப் பாக்கப் போறியா?" காலர் செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி மேனேஜர் சொன்னது இது. அப்போது என் கையில் உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சைப் பலகை, பழுதான ரேம் இருந்தது. இன்று அது என் மேஜைமேல் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது. கோபம் குறையவில்லை, குறைய வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அம்மா வேலம்பாளையத்தில் டெய்லர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தவள்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து அந்தக் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன்.

பனியன் காலருக்குக் கோடு போடும் மெஷினை ஓட்டியது என்னைவிட வயதான ஒரு கம்ப்யூட்டர். அது எழாவிட்டால் மெஷின் வெறும் இரும்பு. ரேம் போனதும் மேனேஜர் கோயமுத்தூர் பழைய சாமான் கடையில் இன்னொன்று வாங்கி வந்தார். சாம்பிள் பீஸை லாட்டோடு ஒட்டிப் பார்ப்பதுபோல் இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்தார். "அளவு சரி, பல்லு சரி. அப்பறம் என்ன?" அமுக்கிச் செருகினார். கம்ப்யூட்டர் கத்திவிட்டு நின்றது. "நீ நோண்டுனதுலதான் போச்சு. சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு வர வேண்டாம்."

"அளவு ஒத்தாப் போதாதுங்க சார். தன்னோட ரேம்தானான்னு இது கேட்டுப் பாக்குமுங்க."

"ரேமு பேசுதாமப்பா" என்று அவர் சிரித்தார். கூட நாலு பேர் சிரித்தார்கள்.

பழைய ரேமின் மூலையில் நான்கு சிறு இடைவெளிகள்; அவற்றில் இரண்டை ஈயம் வைத்து இணைத்திருந்தார்கள். புதியதில் நான்கும் திறந்தே கிடந்தன. அந்த இணைப்பைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் ரேமை அடையாளம் காணும். சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரீசியனின் பற்றவைப்புக் கோலை வாங்கி, புதியதிலும் அதே இரண்டை இணைத்துச் செருகினேன். திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

முதலாளி வந்தார். மேனேஜர் முந்திக்கொண்டார்: "கோயமுத்தூர் முழுக்கத் தேடி நான்தானுங்க பாத்துப் பொறுக்கியாந்தேன்." முதலாளி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பார்த்திருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவரை மன்னிக்கும் அவசியம் எனக்கில்லை. என்னுடைய அந்த மௌனத்தைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை. ஆறே மாதத்தில் வேலையை விட்டேன்.

இன்று காலை மேனேஜர் போன் செய்தார். அன்று போட்ட ரேமும் போய்விட்டது. அதே கடையில் வாங்கி, அதேபோல் ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பார்த்துச் செருகியிருக்கிறார். அந்த ஈயப் புள்ளிகளை அவர் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

"ஏனுங்க அம்மிணி, அன்னிக்கு மாதிரி ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"அன்னிக்குப் பாத்தது நீங்கதானுங்களே சார்."

நான் போனை வைத்தேன். மெஷின் நின்ற செய்தி அங்கே இன்னும் வேலை பார்க்கும் காலர் செக்‌ஷன் அக்கா ஒருத்தி மூலம் நேற்றே எனக்கு வந்திருந்தது. மேஜைமேல் கிடக்கும் இந்தப் பழைய ரேமைப் படமெடுத்து, நேற்று மாலையே முதலாளிக்கு அனுப்பிவிட்டேன். கீழே, இதைப் பார்த்து அன்று புதிய ரேமில் புள்ளிகளை இணைத்தது நான் என்று என் பெயரையும், மண்ணரையில் நான் திறந்திருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் முகவரியையும் எழுதியிருக்கிறேன்.