ஒக்டோபரின் நாலாவது திங்கள்

கனடாவின் வோபர்னில் இருபத்தெட்டு வருடங்களாகக் குளியலறைகளுக்கு ரைல் பதித்தவர் மீராசாஹிபு. முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்ற பிறகு, குளிருக்குப் பயந்து, ஒக்டோபரில் மனைவி ஸபியாவோடு புத்தளம் போய் ஏப்ரலில்தான் திரும்புவார்.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தை விட்டு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது அவருக்கு முப்பது வயது. புத்தளத்து முகாமில் இருந்த காலம் முழுக்க எந்த ஊர் வாக்காளர் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அதனால்தானோ என்னவோ, கனடாக் குடியுரிமை கிடைத்த பின் ஒரு தேர்தலையும் அவர் தவறவிட்டதில்லை. வாக்காளர் அட்டை வந்தால் போய் வாக்குப் போட்டுவிடுவார்.

ஒரு பெப்ரவரியில், அவர் புத்தளத்தில் இருக்கையில், கனடாவில் மாகாணத் தேர்தல் திடீரென்று வந்தது. தபால் வாக்குச்சீட்டு புத்தளம் வந்துசேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் முதன்முதலாகத் தவறவிட்ட தேர்தல் அது.

அடுத்த பயணத்துக்கு மகள் ரிஃப்னாவோடு பயண முகவர் செல்வரட்ணத்திடம் போனார்.

“நானா, ஒக்டோபர் ஆறாம் திகதி சீற் கிடக்கு. போடட்டே?”

ரிஃப்னா குறுக்கிட்டாள். “இருபத்தாறாம் திகதி சிற்றி இலெக்‌ஷன், வாப்பா.”

“அதை ஆர் அறிவிச்சது?”

“ஒருத்தரும் அறிவிக்கத் தேவையில்லை. நாலு வருசத்துக்கு ஒருக்கா, ஒக்டோபர் நாலாவது திங்கள். சட்டம் அப்பிடி.”

“மேயருக்கு விருப்பமில்லாட்டி?”

“விருப்பமில்லாட்டியும்தான்.”

இத்தனை வருடம் இது தெரியாமலே வாக்குப் போட்டிருக்கிறோமே என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆள்கிறவனை வீட்டுக்கு அனுப்பும் நாளை, நாலு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

“இருபத்தேழு, செவ்வாய்க்கிழமைக்குப் போடுங்கோ,” என்றார்.

திங்கள் காலை, பள்ளிக்கூட மண்டபத்தில், வரிசையில் முதல் ஆளாக அவர் நின்றார், பின்னால் ஸபியா.

மறுநாள் ரிஃப்னா அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனாள். பதினாறு வருடம் பதவியிலிருந்த கவுன்சிலர் தோற்றுவிட்டாராம், வென்றவருக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டாராம் என்றது வானொலி.

“பேசாமல் விட்டுக்குடுத்திட்டாரோ?” என்று கேட்டார் மீராசாஹிபு.

“ஓம் வாப்பா. வேறென்ன செய்யிறது?”

வெளியே மஞ்சள் பஸ் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. கோப்பிக் கடையில் வழக்கமான வரிசை. அவர் கார்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“என்னத்தைப் பாக்கிறியள்?” என்றாள் ஸபியா.

“ஆள் மாறியும் ஒண்டுமே நடக்கேல்லை, பாரும்,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.