தடிக் கம்பி

மகளின் கல்லூரிப் பணத்தைக் கிரிப்டோவில் போட்டிருந்தார் எலக்ட்ரீஷியன். விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் தானாகவே விற்றுவிடும்படி போனில் ஏற்பாடும் செய்திருந்தார். ஆனால் காலையிலிருந்து அந்த எல்லையை இருமுறை கீழே தள்ளிவிட்டார்.

"ப்யூஸ் சும்மா சும்மா போகுதுண்ணே. அதான் தடிக் கம்பியா போட்டுட்டேன். இப்ப சுவத்துக்குள்ள கருகல் வாடை வருது," என்றாள் ரிப்பேருக்கு அவரை அழைத்திருந்த வீட்டுப் பெண்.

"நல்ல வேலை பண்ணீங்கம்மா! ப்யூஸ் போனா கம்பியோட போச்சு. போகலேன்னா வீட்டோட போச்சு!"

கம்பியைப் பிடுங்கிவிட்டு மெல்லியதை முறுக்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. விலை எல்லையைத் தொடப்போகிறது. இப்போது விற்றாலும் பாதி மிஞ்சும்.

"அவசரமாண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா, எப்படியும் ஏறிடும்," என்றபடி எல்லையை அடியோடு நீக்கினார்.

சுவருக்குள்ளிருந்து கருகல் வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது.