தொடையிலிருந்து வந்த ஈயம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் காயலான் கடைக்கு வரும் ஈயத்தைத் தரம் பிரிப்பது என் வேலை. பேட்டரித் தகடு, கேபிள் உறை, மீன் வலைக் குண்டு, சக்கரம் ஆடாமலிருக்க டயரில் அடிக்கும் எடை எல்லாம் ஒரே சாக்கில், ஒரே கறுப்பாக வந்து இறங்கும். கலந்து கொடுத்தால் உருக்குகிறவர் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்ப்பேன். சுத்த ஈயத்தில் நகம் பதியும், டயர் ஈயத்தில் வழுக்கும். சந்தேகமாக இருந்தால் சுத்தியலால் ஒரு தட்டு. சுத்த ஈயம் சத்தம் போடாமல் அப்பளமாக விரியும். டயர் ஈயம் ஓரத்தில் வெடிக்கும்.

"பொண்ணு பாக்க வந்த மாமியாராட்டம் தட்டித் தட்டிப் பாக்கறியே" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எதுவும் பேசலாம். எழுந்து நடக்கத்தான் கால் சரியில்லை.

அந்தக் கால் கல்வராயன் மலையில் போனது. கரியாலூருக்கு மேலே எங்களுக்கு ஒரு சோளக்கொல்லை இருந்தது. பன்றிக்குக் காவல் இருந்த ஒரு நாள், இருட்டுகிற நேரத்தில், அவரையே பன்றி என்று நினைத்து யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள். என் தம்பிதான் முதலில் ஓடி வந்தான். அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் இறங்கினான். ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து எடுக்க முடிந்த ரவைகளை எடுத்தார்கள். எலும்பை ஒட்டி இருந்தவற்றை விட்டுவிட்டார்கள்.

போலீசிடம் இவர், "இருட்டுங்க, ஆளு தெரியல" என்றார். ஊரில் ஆண்களையெல்லாம் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னபோதும் இவர்தான் தடுத்தார். "என் காலுக்காவ யாரும் சூடம் அடிக்க வேணாம்." எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கொல்லையை விற்றுவிட்டுக் கிளம்பிய அன்று, சுட்டவன் குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

போன மாதம் அவர் தொடையில் ஒரு கட்டி பழுத்து உடைந்தது. சீழோடு ஒரு ரவை வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. கழுவினேன். பழகிய கை சும்மா இருக்குமா? நகத்தை வைத்தேன், வழுக்கியது. கல்லில் வைத்துத் தட்டினேன். ஓரம் வெடித்தது.

மலையில் ரவை வார்க்கிறவர்கள் எல்லாரும் சுத்த ஈயமான வலைக் குண்டைத்தான் உருக்குவார்கள். சந்தையில் கிடைப்பது அதுதான். டயர் ஈயத்துக்கு அங்கே எங்கே போவது? கள்ளக்குறிச்சி டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவன்தான் ஊருக்கு வரும்போதெல்லாம் பையில் போட்டு எடுத்து வருவான். ரவையை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இன்னாங்க, இது டயர் ஈயம்."

"தெரியும்" என்றார்.

"அப்போ யாருன்னும் தெரியுமா?"

"சுட்டவன்தான தூக்கிக்கினு ஓடுனான். வழியெல்லாம் அழுதுகினே ஓடுனான். அம்மா இல்லாத புள்ள, நீ வளத்தவன். உங்கிட்ட நான் எப்பிடி சொல்றது?"

வாரித் தூற்றிய மண் யார் தலையில் விழுந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம், இரண்டு பேர் மேலும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வழக்கம்போலச் சாப்பிட வந்தான். அவன் வந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று நாலு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். தட்டைப் போட்டு, எப்போதும்போலச் சோற்றைத்தான் வைத்தேன்.

"காலு எப்பிடி கீது மாமா?" என்று அவனே சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டான்.

"ஒண்ணு தானா வெளிய வந்துடுச்சிடா. உங்க அக்கா தட்டிப் பாத்துட்டா."

தம்பியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. "அக்கா" என்றான். அறையத்தான் கையை ஓங்கினேன். அவன் முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டிருந்தான். ஓங்கிய கையால் அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.

பிறகு அவன் எழுந்து போய், எச்சில் கையோடு இவர் காலைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதான்.

"மெதுவா புடிடா" என்றார் இவர். "உள்ள இன்னும் ஒண்ணு கீது."