பின்னாலிருந்து ஒரு குரல்

மலாய் நாட்டில், ஜோகூர்ப் பக்கத்துக் கோத்தா திங்கியில் நான் இருந்த அந்த அரை வருஷமும் எனக்கு விடியற்காலையாகவே நினைவில் இருக்கிறது. நண்பகல் என்று ஒன்று அங்கே இருந்திருக்கத்தான் வேண்டும், முதுகுத்தோல் உரிந்ததே. ஆனாலும் கண்ணை மூடினால் ஆற்றிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம்தான் வருகிறது. அதற்குள் பாதி நின்று பாதி கரைந்துபோன பால்மரங்கள். எங்கோ ரப்பர்க் காய் வெடித்து, விதை சருகில் விழும் சத்தம். நடக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

நாஞ்சில் நாட்டு மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, ஒட்டுக்கட்டும் வேலையைப் படித்து வா என்று என்னைக் கப்பலேற்றியிருந்தார். நிறையப் பால் தரும் மரத்திலிருந்து மொட்டைப் பட்டையோடு செதுக்கி எடுத்து, இளங்கன்றின் பட்டைக்குள் செருகி, மெழுகுத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது என்று அர்த்தம். என் கட்டுகள் பிடித்தால் ஊரில் எனக்கு வேலை காத்திருந்தது. பிடிக்காவிட்டால் போன வழியே திரும்பி வந்து சும்மா சுற்ற வேண்டியதுதான்.

தங்க இடம் கொடுத்தவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வீட்டில் அவரும் அவருடைய தங்கையும்தான். அந்தத் தங்கை என்னைவிட மூத்தவர், கல்யாணமான சில மாதங்களிலேயே கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் பிறந்ததே ஜோகூரில். அவருடைய பழக்கங்களில் பாதி தாய் சொல்லிக்கொடுத்தவை, பாதி பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த பெண்களிடம் எடுத்துக்கொண்டவை.

மலாய்ப் பாதியில்தான் வந்தது வினை. வீட்டில் எடுத்துவைத்த பண்டத்தைத் தொடாமல் ஒருவர் வெளியே போனால் அவருக்கு வழியில் கெடுதல் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாம்பு கடிக்கும், கிளை முறிந்து விழும். கெம்புனான் என்பார்கள். வயிறாரச் சாப்பிடக்கூட வேண்டாம், விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போதும். நானோ வெயில் ஏறுமுன் மொட்டைச் செருகியாக வேண்டும் என்று எழுந்த கையோடு கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன்.

"தம்பி, கோப்பி ஊத்தி வச்சிருக்கேன். தொட்டுட்டாச்சும் போங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து! எங்கள் ஊரில் காரியமாகக் கிளம்புகிறவனைப் பின்னால் நின்று கூப்பிட்டால் அந்தக் காரியம் உருப்படாது. கூப்பிட்டுத் தொலைத்தால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். ஆகவே நான் திரும்பி வருவேன், உட்காருவேன், தண்ணீர் குடிப்பேன். அக்காவுக்கு அது போதாது. தண்ணீர் பண்டத்தில் சேராதாம். அவித்த மரவள்ளிக்கிழங்கு வரும். இரண்டு ஊர் நம்பிக்கைக்கும் மரியாதை செய்துவிட்டு நாற்றங்காலுக்குப் போய்ச் சேரும்போது பனி விலகி வெயில் சுள்ளென்று அடிக்கும்.

முதலில் கட்டியவற்றைப் பிரித்தபோது எல்லாம் பழுப்பு. வேலை சொல்லிக்கொடுத்த ஜாவாக்கார மேஸ்திரி, அங்கே மண்டோர் என்பார்கள், பார்த்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். "அக்கா, இனிமே பொறத்தால நின்னு கூப்பிடாதிய. கும்பிட்டுக் கேக்கேன்."

"சரி தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் காலைகளில் சத்தமே இல்லை. வாசலைத் தாண்டுவேன், பனி என்னை வாங்கிக்கொள்ளும், நாற்றங்கால் வரும் வரை ஒரு கனவுக்குள் போவதுபோலத்தான் போவேன். மழையும் நல்லபடியாகப் பெய்தது. கடைசித் தொகுதியைக் கட்டி முடித்தேன். அதுதான் பரீட்சை.

அதைப் பிரிப்பதற்கு முந்தின சாயங்காலம் கிராணி பேச்சுவாக்கில் சொன்னார்: "நீ தொடாம போற நாளெல்லாம், திரும்பி வர்ற வரைக்கும் அவ பச்சத்தண்ணிகூடக் குடிக்கிறதில்லப்பா."

மறுநாள் காலை கொஞ்ச தூரம் போய்விட்டு நானே திரும்பிப் பார்த்தேன். அக்கா படியில் தட்டோடு நின்றிருந்தார். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தார்.

"முன்னால வந்து குடுங்கக்கா. தொட்டுட்டுப் போறேன்."

அவர் அசையவில்லை. "நான் எப்படித் தம்பி முன்னால வர்றது? தாலி இல்லாதவ. நீங்க காரியமா போறீங்க. எதிர்ல வந்துடக் கூடாதுன்னுதானே பின்னால நின்னு கூப்பிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் கிளம்பும்போது எதிரில் பட்டுவிடாமல் ஒவ்வொரு காலையும் ஒதுங்கி நின்றிருக்கிறார் இந்த மனுஷி. அவருக்கு இருந்தது அந்தப் பின்பக்கம் ஒன்றுதான்; அதையும் நான் அடைத்துவிட்டேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் இல்லை, இதையெல்லாம் மூட்டை கட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்த எங்கள் ஜனங்கள் மேல்.

"என்னக்கா பேச்சு பேசுதிய? நீங்க எதிர வராம நான் இன்னைக்கு நகரப் போறதில்ல."

அவர் படியிறங்கி, மரவள்ளிச் செடிகளுக்குள் புகுந்து வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு பாதையின் வளைவுக்குப் போனார். பனிக்குள் தலை மட்டும் மிதந்து போயிற்று, அப்புறம் அதுவும் காணவில்லை. எல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து வெள்ளைச் சேலை பிரிந்து, என்னை நேருக்கு நேர் பார்த்தபடி நடந்து வந்தது. தட்டெல்லாம் கோப்பி சிந்தியிருந்தது. விரலால் தொடுவதாவது! நின்றபடியே கிழங்கு முழுவதையும் தின்று, மிச்சக் கோப்பியையும் குடித்துவிட்டுப் போனேன்.

மண்டோர் கட்டுகளைப் பிரித்துக் கத்தி நுனியால் பட்டையைக் கீறினார். பச்சை. அடுத்ததும் பச்சை. ஒன்றிரண்டு போயிருந்தன, மற்றவையெல்லாம் பிடித்திருந்தன. மழையும், வெயிலுக்கு முன் கட்டியதும்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அதை வீட்டில் போய்ச் சொல்ல மனம் வரவில்லை.

அக்கா அடுப்பில் விறகை ஊதிக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருச்சுக்கா."

ஊதுவதை நிறுத்தினார். புகை கலைந்தது. கப்பலுக்கு எனக்கு இன்னும் சில நாட்களே இருந்தன, அது அவருக்கும் தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்ப, நாளைக்கும் முன்னாலயே வரட்டுங்களா தம்பி?"