காலிதான், பாத்துக்க

போன வாரம் கன்னிவாடி ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டேன். மெதுவாக்கவில்லை… நிறுத்தியே விட்டேன். பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரனை அழுத்தினார். நான் நகரவில்லை. பக்கத்தில் வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏக்கா, என்ன சாமியா இருக்கு அங்க? இறங்கி விழுந்து கும்பிட்டுட்டுத்தான் போவீகளா?”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கால் மட்டும் பிரேக்கை விட்டு எழவில்லை.

தேர்தல் அறிவித்த வாரத்திலிருந்து எனக்கு இப்படித்தான். தேர்தலுக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் பெல்ஜியம் போய் வர வேண்டும்.

என் கணவரின் வேலைக்காக நாங்கள் அங்கே சில வருடங்கள் இருந்தோம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். குளிர், சாக்லேட், அண்டை வீட்டுப் பூனை என்று நிறைய எழுதியாயிற்று. ஒன்றை மட்டும் எழுதியதில்லை. எழுதினால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம்.

எனக்குத் துப்பாக்கிக் கடைகளுக்குப் போகிற பழக்கம் இருந்தது.

வாங்க அல்ல. பார்க்க. நம் பெண்கள் பட்டுப் புடவைக் கடையில் ஏறி நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் இறங்குவார்களே… அந்த மாதிரி.

லீஜ் என்று ஒரு ஊர். துப்பாக்கி செய்வதில் பல தலைமுறையாகப் பேர் வாங்கிய ஊர். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு கடைக்குள் நுழைந்தேன். உள்ளே எண்ணெய் வாசம், மர வாசம். சுவரில் வரிசையாக வேட்டைத் துப்பாக்கிகள். எங்கள் கன்னிவாடி வீட்டில் அப்பாவின் டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி, ஒன்று இருந்தது. மலையடிவாரத் தோட்டம், பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கியது. பொம்பளைப் பிள்ளை அதைத் தொடக் கூடாது. அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் அண்ணன் பேருக்கு மாறியது. நான் தொடாமலே கல்யாணமாகி வந்துவிட்டேன். அந்த ஆசையோ என்னவோ, மழை விட்ட பிறகும் நான் வெளியே வரவில்லை.

பின்புறம் பட்டறை. அங்கே ஒருவர் எஃகுத் துண்டை விளக்குப் புகையில் காட்டிக் கரியாக்கி, அதை மரக்கட்டையில் அழுத்தி எடுத்தார். மரத்தில் எங்கெங்கே கரி ஒட்டியதோ அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி புகை, மறுபடி அழுத்தம், மறுபடி சீவல். மரமும் இரும்பும் இடைவெளியில்லாமல் சேரும் வரை இதே வேலை. இன்னொரு கடையில் வாடிக்கையாளரின் கை நீளம், தோள், கன்னம் எல்லாம் அளவெடுத்தார்கள். நம் ஊரில் ப்ளவுஸுக்கு அளவு எடுப்பது போலத்தான். என்ன, ப்ளவுஸ் தீபாவளிக்குள் வந்துவிடும். அந்தத் துப்பாக்கி வர இரண்டு மூன்று வருடம் ஆகும்.

விலை? கேட்காதீர்கள். நான் கேட்டு, இருமல் வந்து, தண்ணீர் கொடுத்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு.

அந்த லீஜ் கடைக்காரர் ஒரு துப்பாக்கியை எடுத்தார். நடுவில் மடித்துத் திறந்தார். தோட்டா இருக்கிறதா என்று இரண்டு குழாயையும் பார்த்தார், எனக்கும் காட்டினார், திறந்தபடியே என் கையில் கொடுத்தார். நான் நம் ஊர் மரியாதைப்படி இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கி, டக்கென்று மூடினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. துப்பாக்கியைத் திரும்ப வாங்கினார். மறுபடி திறந்து கொடுத்தார். “நான் பார்த்துவிட்டேன், மேடம். இனி நீங்கள் பார்க்க வேண்டும்” என்றார்.

எனக்குத் திகைப்பு. கண் முன்னால் காட்டிய மனிதரை நம்பாமல், மறுபடி குனிந்து குழாய்க்குள் பார்ப்பதா? அவருக்கு அது அவமானம் இல்லையா?

இல்லை. அங்கே பார்க்காமல் வாங்குவதுதான் அவமரியாதை. விடுமுறைக்குப் போன ஆஸ்திரியாவில் ஒரு பட்டறையில் அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை செய்தார்கள். மகன் திறந்து காட்டி நீட்டுகிறார். அப்பா வாங்கி, தானும் பார்க்கிறார். திருப்பித் தருகிறார், மகன் பார்க்கிறார். ஒரே காலையில் எத்தனை தடவை! இருவரில் ஒருவருக்கும் முகம் சுருங்கவில்லை.

என்னோடு அலுத்துக்கொண்டே வரும் என் மகள் கயலுக்கு அப்போது பத்து வயது. தொட வேண்டுமானால் அவளும் பார்க்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போதும் திறந்து காட்டுவாள். “காலிதான், பாத்துக்க.” சாப்பிட்டுவிட்டாள் என்று எனக்கு நிரூபணமாம்.

சரி, ஐரோப்பா போதும். கன்னிவாடிக்கு வருவோம்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும். ஸ்டேஷனில் கொடுக்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்து வைக்கலாம். அண்ணன் எப்போதும் திண்டுக்கல்லில் ஒரு கடையில்தான் கொடுப்பார். துப்பாக்கியோடு பஸ்ஸில் ஏற முடியாது. அதனால் இந்தத் தடவை நான் காரோடு முதல் நாள் மாலையே போனேன். காலேஜ் லீவில் வந்திருந்த கயலும் வந்தாள்.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து கயலிடம் நீட்டினார்.

“இந்தா ஆத்தா, புடிச்சுப் பாரு. ஒன் தாத்தா வச்சிருந்தது. பயப்படாத, காலிதான்.”

கயல் வாங்கினாள். வாங்கிய வேகத்திலேயே மடித்துத் திறந்து, குழாய்க்குள் குனிந்து பார்த்தாள்.

காலிதான். ஆனால் அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னத்தா… மாமன் சொன்னா நம்பிக்கை இல்லையா?”

“ஐயோ, அது பழக்கம் மாமா.”

“பழக்கமா? ஒனக்குக் காது குத்துனப்ப என் மடியிலதான் உக்காந்திருந்த. அன்னைக்கு ஊசிய வாங்கிப் பாத்துட்டா குத்தச் சொன்ன?”

“அதான் மாமா ஊரக் கூட்டுற மாதிரி அழுதேனாமே. நம்புனா அழுவேனா?”

பக்கத்தில் நின்ற அண்ணன் மனைவி, என் மதினி, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகிவிட்டது. அண்ணன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ராத்திரி எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. கூப்பிட்டதற்கு, “எனக்குப் பசிக்கல. வெளிநாட்டுல வளந்தவுகளுக்கு மொதல்ல போடு” என்று மதினிக்குப் பதில் வந்தது.

நான் கயலைத் திட்டினேன். தாய்மாமன் மனசை நோகடித்துவிட்டாயே என்று. அவள், “நீதானேம்மா சொல்லிக் குடுத்த?” என்றாள். பதில் இல்லாத தாய்மார்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். “வாய மூடு” என்றேன்.

விடிந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். அண்ணன் துப்பாக்கியைக் கான்வாஸ் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். பெரிய துப்பாக்கியை இரண்டாகக் கழற்றித்தான் வண்டியில் வைக்க வேண்டும் என்று அங்கே பார்த்திருக்கிறேன். அது நாக்கு நுனி வரை வந்தது… சொல்லவில்லை. நேற்று மகள், இன்று அம்மாவா?

அண்ணன் முன் சீட்டில். கயல் பின்னால். பின் சீட்டில் பாதியை எனக்குக் கட்டிக் கொடுத்த தேங்காய் மூட்டை பிடித்துக்கொண்டது. அதன் மேல் துப்பாக்கியின் கட்டைப் பகுதியைச் சாய்த்து, குழல் பகுதியைக் கயலின் மடியில் வைத்தார் அண்ணன்.

“கீழ விழாம புடிச்சுக்க. காலிதான்… திறந்து கிறந்து பாக்கணுமா ஆத்தா?”

குத்தல்தான். கயலின் கை உறையின் பக்கிளுக்குப் போனது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

அந்த ரோட்டில் எத்தனை ஸ்பீட் பிரேக்கர் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் வந்தால் ஒன்று, கோயில் வந்தால் ஒன்று, யாராவது சண்டை போட்டால் ஒன்று. நான் வழக்கம் போல ஓட்டினேன். கார் தூக்கித் தூக்கிப் போட்டது. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது அண்ணனுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு நிம்மதி. கயலைத் தடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

திண்டுக்கல் கடை லீஜ் கடை போல இருக்காது. ஒரு கண்ணாடி அலமாரி, குரங்கு விரட்டும் ஏர்கன் நாலைந்து, கிறீச்சிடும் ஃபேன். கடைக்கார பாய் அண்ணனுக்குப் பல வருடப் பழக்கம். தேர்தல் நேரம் என்பதால் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் முறை வந்தது.

“தொறந்து காட்டிருங்கண்ணே” என்றார் பாய்.

“நல்லாப் பாத்துக்கங்க பாய். எங்க வீட்டுல இப்பல்லாம் வாய்ச் சொல்ல யாரும் நம்புறதில்ல.”

அண்ணன் கயலைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியை மடித்தார்.

வலது குழாய் காலி. இடது குழாயில் பித்தளை வட்டம் ஒன்று பளபளத்தது.

பாய்தான் கையை நீட்டி, தோட்டாவை உருவி, கண்ணாடி மேஜையில் நிற்கவைத்தார். சிவப்புத் தோட்டா. லிப்ஸ்டிக் மாதிரி நின்றது.

“உக்காருங்கண்ணே. டீ சொல்றேன்” என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. “சேஃப்டி போட்டிருந்துச்சு பாய்… சேஃப்டி போட்டிருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த ஆஸ்திரியப் பட்டறைக்காரர் ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்தது. சேஃப்டி பிடித்து வைப்பது விசையை மட்டும்தான். பழசாகித் தேய்ந்த துப்பாக்கி ஒரு நல்ல குலுக்கலில் தானாகவே வெடிக்கலாம்.

ஒரு நல்ல குலுக்கல். ஸ்டியரிங் என் கையில்தானே இருந்தது!

விஷயம் இவ்வளவுதான். விடியும் முன் பன்றி இறங்கியிருக்கிறது. ஒப்படைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று நாங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மலையடிவாரத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு தோட்டா போட்டு, ஒன்றை வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். பன்றிகள் ஓடிவிட்டன. வரப்பிலேயே இரண்டையும் உருவிவிடுவது அவர் வழக்கம்.

“வெடிச்சத உருவுனது ஞாபகம் இருக்கு பாப்பா” என்றார் என்னிடம். “மனசு பூரா ராத்திரி பேசுனதுலயே இருந்துச்சு. இன்னொண்ணு…”

மேஜையில் நின்ற தோட்டாவைக் கையால் காட்டினார்.

கயல் கிட்டே போய் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். டீயை ஊதிக் கொடுத்தாள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “குடிங்க மாமா. நான் பாத்துட்டேன், வெறும் டீதான்” என்றாள். அவர் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இது நடந்து பல வாரம் ஆகிவிட்டது. இன்னும் எனக்கு நடுக்கம் போகவில்லை. தோட்டாவை நினைத்து அல்ல. தோட்டா அண்ணனின் மறதி. மறதி யாருக்கும் வரும். கண்ணாடியில் நான் தலையாட்டினேனே… அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அது மறதி இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் ஆட்டினேன்.

சந்தையில் நாம் எப்படிப்பட்டவர்கள்? வெண்டைக்காய் நுனியை ஒடிக்காமல் வாங்க மாட்டோம். தேங்காயைக் காதில் வைத்து ஆட்டுவோம். முன்பின் தெரியாதவரிடம் இவ்வளவு உஷார். அதுவே சொந்தக்காரர் கையால் வந்தால்? மருந்தானாலும் மாப்பிள்ளையானாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறோம். திறந்து பார்த்தால் கோபித்துக்கொள்வார்களாம். கோபம் ராத்திரிச் சாப்பாட்டோடு போகும்… மற்றது?

தேர்தல் முடிந்தது. போன வாரம் துப்பாக்கியைத் திரும்ப வாங்கப் போனோம். நானும் அண்ணனும் கயலும். பாய் திறந்து காட்டி அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் பார்த்தார். பிறகு திறந்தபடியே கயலிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு குழாய் வழியாகவும் கடைவீதி தெரிந்தது.

இந்தத் தடவை துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி டிக்கியில் வைத்தோம். அப்படியும் அந்த ஸ்பீட் பிரேக்கரில் நின்றேன். பஸ்காரர் திட்டினார். அண்ணன் திட்டவில்லை. “நீ மெதுவாவே போ பாப்பா” என்றார்.

கன்னிவாடி வீட்டில் இறங்கி, கழற்றிய துப்பாக்கியை மறுபடி ஒன்றாகச் சேர்த்து, அண்ணன் உள்ளே கொண்டுபோனார். அத்தனை வருடம் அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கியோடு குடித்தனம் நடத்திய மதினி, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டறியாத மதினி, அடுப்படி வாசலில் நின்று மறித்தார்.

“மூணு பேரும் பாத்தீக, சரி. நான் பாக்க வேணாமா?”

அண்ணன் நின்றார். துப்பாக்கியை மடித்துத் திறந்து காட்டினார்.