மாஷிமாவின் படியும் எங்கள் டிரெய்லரும்

என் வீட்டுக்காரருக்கு வழி சொல்ல உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் உரிமை உண்டு, என்னைத் தவிர. கல்கத்தாவில் காரை நிறுத்தி வழி கேட்டால் ஒருவரா சொல்வார், ஏழு பேர் சொல்வார்கள். டீக்கடையில் நிற்பவர், ரிக்‌ஷாவில் போகிறவர், மாடியில் துணி உலர்த்துகிறவர் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். இவர் ஏழு பேருக்கும் பவ்யமாகத் தலையாட்டுவார். பக்கத்து சீட்டிலிருந்து நான் "இங்க திரும்பணும்" என்றால் மட்டும், "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்பார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் இப்படித்தான் ஓடியது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இவருக்கு கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம். எங்களுக்கு வீடு பாலிகஞ்சில் ஒரு சந்துக்குள். கிடர்பூர் துறைமுகத்தில், யாரும் வந்து எடுத்துப் போகாத சரக்கை அவ்வப்போது ஏலம் விடுவார்கள். மேஜை விசிறி ஒன்று வாங்கி வருகிறேன் என்று போன மனிதர், ஒரு வீட்டையே ஏலத்தில் எடுத்துவிட்டார். எந்த தேசத்திலிருந்து யாருக்காக வந்ததோ, இரண்டு சக்கரத்தின் மேல் வெள்ளையும் பச்சையுமாக ஒரு குட்டி அறை. உள்ளே மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, திரை போட்ட ஜன்னல். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் டிரெய்லராம். எங்கள் கிழட்டு அம்பாசடருக்குக் கிடர்பூரிலேயே ஒரு கொக்கியைப் பற்றவைத்துக்கொண்டு, அதையும் இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்தார் என்பது பெரிய வார்த்தை. எங்கள் சந்தின் முனையில் ஒரு வங்காளி அம்மாளின் வீடு; மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் வாசற்படியில்தான் தினமும் சாயங்காலம் நாலு பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். அன்று காலைதான் படிக்குப் புது சிமெண்ட் பூசியிருந்தாள். இவர் பெரிய ரோட்டிலிருந்து வலது பக்கம் சந்துக்குள் திரும்பினார். கார் அழகாகத் திரும்பியது. பின்னால் வந்த டிரெய்லர், கார் போன வழியில் வராமல் மூலையைக் குறுக்கே வெட்டி, மாஷிமாவின் ஈர சிமெண்டில் ஏறி இறங்கியது. அதுவும் இவர் உட்கார்ந்திருந்த பக்கமே.

மாஷிமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சக்கரத் தடத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும். நான் இதைப் பூச மாட்டேன். போற வர்றவன் எல்லாம் பார்க்கட்டும்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக்கூட ணங்கென்று வைத்தேன். ஆனால் மறுநாள் இவர் ஆபீஸ் போனதும், யாருக்கும் தெரியாமல் டிரெய்லருக்குள் ஏறிக் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஜன்னல் சரியாகத் தலைமாட்டில் இருந்தது. அங்கேதான் எனக்கு ஆசை வந்தது. பதினாலு வருஷத்து லீவும் ரயில் பாஸும் இவருடைய தங்கைகளின் கல்யாணம், வளைகாப்பு, குழந்தைகளின் காதுகுத்து என்றே போயிருந்தன. போன இடத்திலும் கூட்டத்துக்கு நான்தான் சமைப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொந்தக்காரர் யாரும் இல்லாத கடற்கரையில் இப்படிப் படுத்துக்கொண்டு காப்பி குடிக்க வேண்டும். வரும் துர்கா பூஜை லீவுக்கு திகா கடற்கரைக்குப் போகலாம் என்றேன். இவரும் சரி என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, சந்தின் உள்கோடியில் இருந்த காலி மைதானத்தில் டிரெய்லரைத் திருப்பிப் பழகினோம். நான் ஒரு நீல வாளியையும் ஒரு சிவப்பு வாளியையும் வைத்து, இதுதான் மாஷிமா வீட்டு மூலை, இதுதான் சந்தின் அந்தப் பக்கம் என்றேன். முதல் சுற்றிலேயே உள்பக்கச் சக்கரம் நீல வாளியின் மேல் ஏறியது. அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளிப் போய், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தார். சக்கரம் தப்பியது, ஆனால் டிரெய்லரின் வால் எதிர்ப்பக்கம் வீசி சிவப்பு வாளியைத் தட்டிவிட்டது. கீழே நின்று பார்த்த எனக்குச் சூட்சுமம் புரிந்துபோனது. கண்ணுக்குப் போதும் என்று தோன்றும் இடத்தையும் தாண்டி நேராகப் போக வேண்டும், அப்புறம் மெதுவாக ஒடிக்க வேண்டும். சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். வாளிகளுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குள் பூஜை வந்துவிட்டது. சந்து முனையில், மாஷிமா வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், எங்கள் தெரு கிளப் ஆட்கள் பந்தலுக்கு மூங்கில் நட்டார்கள். கிளப் செயலாளருக்கு அந்த டிரெய்லரின் மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். அதில் கேரம் போர்டு போட்டால் எப்படி இருக்கும் என்று என்னிடமே கேட்டவர். "தாதா, பூஜை முடியட்டும். இப்போ எடுத்தா எங்க மூங்கில் சாயும்" என்று இவரிடம் அண்ணன் முறை கொண்டாடிச் சொன்னார்.

"ஒரு மூங்கில்ல உரசினாக்கூட டிரெய்லர் உங்க கிளப்புக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டு வாக்கு குடுத்தீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அது உங்க பேச்சு இல்ல, என் திகா. பதினாலு வருஷம் கழிச்சு ஒண்ணு கேட்டேன், அதையும் பந்தயத்துல வைக்கறீங்க."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை மிகை இல்லை.

பஞ்சமி காலையில் கிளம்பினோம். பாரா முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது, எங்கள் தெருக்கூட்டத்துக்கு அங்கே அதுதான் பெயர். கிளப் ஆட்கள் பெரிய ரோட்டில் வண்டிகளை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பந்தயத்தை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். மாஷிமா மட்டும் தன் படியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி, காருக்கு முன்னால் ரோட்டில் போய் நின்றேன்.

கார் சந்து முனையைத் தாண்டியதுதான் தாமதம், பதினைந்து குரல் ஒன்றாகக் கிளம்பியது. "பாயே, தாதா, பாயே." இடது பக்கம் ஒடி, இப்போதே ஒடி என்கிறார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் உள்ளங்கையை விரித்து, இன்னும் நேராக வாருங்கள் என்று காட்டினேன். கார் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் இவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடியும் அவர்களைப் பார்த்தார். போச்சு, திகா போச்சு என்று நினைத்தேன். கையை மட்டும் இறக்காமல் நின்றேன்.

கார் நேராக வந்தது. எதிர்ப்பக்க நடைபாதையைத் தொடுகிற மாதிரி, என் புடவைக் கொசுவத்துக்கு இரண்டடி முன்னால் வரை வந்தது. பின்னால் டிரெய்லர் சக்கரம் மாஷிமாவின் படிக்கு நேராக வந்தது. படியைத் தாண்டியது. அப்போதுதான் இடது கையை மெல்ல அசைத்தேன். அவர் மெல்ல ஒடித்தார். வால் பந்தல் பக்கம் நகர்ந்தது. கையை நிறுத்தினேன், கார் நின்றது. ஒரு விரல் அசைத்தேன், ஒரு விரல் அளவு நகர்ந்தது. கூட்டம் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூட இந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

செயலாளர் ஓடிவந்து, வாலுக்கும் மூங்கிலுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்தார். நாலு விரல் இடைவெளி. "பௌதி ஜெயிச்சாச்சு" என்று அண்ணி முறை வைத்து என்னைக் காட்டி, கேரம் போர்டைப் பறிகொடுத்த முகத்தோடு அறிவித்தார்.

திகாவில் ஆறு நாள். காப்பியை இவர்தான் போட்டார். கண்றாவியாக இருந்தது, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

திரும்பி வந்தபோது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மத்தியான நேரம், சந்து முனை வெறிச்சென்று இருந்தது. வேடிக்கை பார்க்க ஆள் இல்லை, இடிக்க மூங்கில் இல்லை. மாஷிமாவின் படியும் அந்தப் பழைய தடமும் மட்டும் வெயிலில் கிடந்தன. திருப்பத்துக்கு முன்னால் இவர் காரை ஓரங்கட்டி நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டார்.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"நீ இறங்கலையா?"

"வழியெல்லாம் காலியாத்தானே கிடக்கு. நீங்களே திருப்பலாமே."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ இறங்கிக் கை காட்டு. அப்பத்தான் எடுப்பேன்" என்றார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.